காய்ச்சலோடு ஏன் மலைக்குப் போகிறோம்?



இரண்டு வாரமாக என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இல்லை. வந்திருக்கும் மீதிப் பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருமுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை கொழுந்து மடுவத்துப் பக்கம் போனேன். ஒரு தாய் கண் சிவந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிறுவைக்கு நின்றார். நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. "ஏன்க்கா, இந்தக் காய்ச்சலோட மலைக்கு வரணுமா?" என்றேன். "நின்னா ஒரு பேர் போச்சே டீச்சர்" என்றார். அவருக்கு முன்னாலும் பின்னாலும் பதினைந்து பேர் ஒட்டி நின்றார்கள். வெளியே மழை. தகரக் கூரைக்குக் கீழே எல்லோரும் ஒரே மூச்சை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தோம், நானும் சேர்ந்துதான்.

இந்த இதழில் சம்பளத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். காய்ச்சலைப் பற்றி எழுதுகிறேன். இரண்டும் வேறு வேறு விஷயம் இல்லை என்பது கடைசியில் தெரியும்.

மூச்சு வழியாகப் பரவும் வைரஸ் ஒன்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போகிறது என்பதை 2020இல் நமக்குச் சொன்னார்கள். ஆனால் பாதியைத்தான் சொன்னார்கள். கையைக் கழுவு, ஒரு மீற்றர் தள்ளி நில், கண்ட இடத்தில் தொடாதே என்றார்கள். தப்பில்லை. ஆனால் நோய் அதிகமாகப் போனது கை வழியாக இல்லை, காற்று வழியாக. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் கொவிட் காற்றில் பரவுவதில்லை என்று அறிவித்தது. மூடிய, காற்றோட்டமில்லாத இடங்களில் அது காற்றில் மிதந்து பரவும் என்பதை 2021 ஏப்ரல் கடைசியில்தான் தன் விளக்கத்தில் தெளிவாகச் சேர்த்தது. இடையில் ஒரு வருடத்துக்கு மேல் போய்விட்டது. அந்த ஒரு வருடமும் நம் தோட்டங்களில் என்ன நடந்தது? பெரட்டுக் களத்தில் கால் நனைக்கக் குளோரின் தண்ணீர் வைத்தார்கள். ஸ்டோர் வாசலில் மருந்து அடித்தார்கள். பிள்ளை மடுவத்து ஜன்னலைத் திறக்கச் சொல்லி மட்டும் யாரும் சொல்லவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. அந்த வருடம் நம் சங்கக் கூட்டம் ஒன்றையே சின்ன மண்டபத்தில், மழைச் சாரல் அடிக்கிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டு நடத்தியவள் நான்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த ஊதுபத்தியை எடுப்பேன். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம். இஸ்தோப்பில் ஒரு பத்தியைக் கொளுத்தி வையுங்கள். இரண்டு எட்டு தள்ளி நின்றால் வாசம் மட்டும்தான் வரும், புகை காற்றோடு போய்விடும். அதே பத்தியை உள் காம்பராவில் கதவைச் சாத்தி வையுங்கள். பத்து நிமிடத்தில் எந்த மூலையில் நின்றாலும் புகை மூக்கில் ஏறும். பத்தி அணைந்த பிறகும் புகை நிற்கும். காய்ச்சல்காரர் விடும் மூச்சும் அப்படித்தான். இருமினால், தும்மினால் மட்டும் இல்லை. பேசினாலும், பாடினாலும், சும்மா மூச்சு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாத ஈரத் துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளி கீழே விழுந்துவிடும். சின்னத் துளி புகை மாதிரி மிதக்கும். வைரஸ் அதற்குள் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரம் பங்காக வெட்டினால் ஒரு பங்கு எவ்வளவோ, கொவிட் வைரசும் இன்புளுவென்சா வைரசும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வொஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10ஆம் திகதி ஒரு தேவாலயத்தில் பாடகர் குழுவொன்று ஒத்திகைக்குக் கூடியது. 61 பேர், இரண்டரை மணி நேரம். அவர்களில் ஒருவருக்கு ஏற்கெனவே தடிமன் மாதிரி இருந்தது. கட்டிப்பிடிக்கவில்லை, கைகொடுக்கவில்லை, வாசலில் கைக்கு மருந்தும் வைத்திருந்தார்கள். பாடினார்கள், அவ்வளவுதான். 53 பேருக்கு நோய் வந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். கோயில் பஜனையையும் மார்கழித் திருப்பள்ளியெழுச்சியையும் நினைத்துப் பாருங்கள். பாடக் கூடாது என்று சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாடுவோம்.

இனி நம் கதைக்கு வருவோம். 2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதல் கொவிட் நோயாளி, சீனாவிலிருந்து வந்த ஒரு பயணி, அடையாளம் காணப்பட்டார். மார்ச் 11இல் முதல் இலங்கையர், ஒரு சுற்றுலா வழிகாட்டி. மார்ச் 20 மாலை ஊரடங்கு. கண்டி டவுன் வெறிச்சோடியது, மாத இறுதியில் அக்குறணையைத் தனிமைப்படுத்தினார்கள். நாம் மட்டும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். தேயிலைக்கு ஊரடங்கு இல்லை என்று அரசாங்கமே விலக்குக் கொடுத்திருந்தது. ஆனாலும் அந்த முதல் அலையில் தோட்டங்களில் நோய் பெரிதாக வரவில்லை. 'தோட்டத்து ஜனத்துக்கு உடம்பு உரம், அவங்களுக்கு இது வராது' என்று பேசிக்கொண்டார்கள். நம்மில் சிலரும் அதைப் பெருமையாக நினைத்தோம்.

உரமும் இல்லை ஒன்றும் இல்லை. மலையில் நிரைக்கு நிரை இடைவெளி இருக்கிறது, காற்று அடிக்கிறது. இஸ்தோப்புப் பத்தியின் கதைதான் அது. வைரசும் அப்போது தோட்டத்துக்குள் வந்து சேரவில்லை. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் பரவியபோது நிலைமை மாறியது. கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வீட்டு வேலையிலும் இருந்த நம் பிள்ளைகள் அதற்கு நடுவில் அகப்பட்டார்கள். நவம்பரில் தீபாவளிக்கு முன்னால் மேல் மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை போட்டார்கள். அதற்கு முன்பே பலர் வந்துவிட்டார்கள். வேலையும் போய், தங்கும் இடமும் போனவன் அம்மா வீட்டுக்கு வராமல் எங்கே போவான்? வந்த பிள்ளைகளைக் குற்றவாளி மாதிரி பார்த்தோம். ஒரு லயத்தில் தண்ணீர்ப் பீலிக்கே வரவிடவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வந்த பிள்ளையைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். எங்கே வைப்பது? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதில் ஐந்து பேர், ஆறு பேர். அந்த மூலையில் அடுப்பு, இந்த மூலையில் பாட்டியின் பாய். குளிருக்கு இடுக்கையெல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிட்டுத்தான் படுக்கிறோம். பழைய லயங்கள் சிலவற்றில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. பக்கத்துக் காம்பராவில் வெங்காயம் தாளித்தால் நமக்கு வாசம் வரும். வாசம் வரும் வழியில் மூச்சும் வரும். நாள் முழுக்க மலையில் நல்ல காற்றில் நின்றவர், இரவு எட்டு மணி நேரம் மூடிய பெட்டிக்குள் மற்றவர் மூச்சை இழுக்கிறார். நோய் நமக்குப் பரவியது அங்கேதான். லொறியிலும் மடுவத்திலும் மீதி.

உடம்புக்குள் போன பிறகு அது என்ன செய்கிறது? நம் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயின் உட்சுவரில் மிகச் சின்ன மயிர்கள் உள்ள செல்கள் இருக்கின்றன. தூசியையும் கிருமியையும் சளியில் பிடித்து, துடைப்பத்தால் கூட்டுவது போல மேலே தள்ளுவது அவற்றின் வேலை. வைரசின் மேலே புரதக் கொக்கிகள் இருக்கின்றன. அந்தக் கொக்கி செல்லின் மேலிருக்கும் ஒரு பிடியில் மாட்டிக்கொள்ளும். உள்ளே நுழைந்ததும் செல்லைத் தன் ஸ்டோர் ஆக்கி, தன்னைப் போல ஆயிரக்கணக்கில் செய்யவைக்கும். செல் செத்துப்போகும், புதியவை பக்கத்துச் செல்லைப் பிடிக்கும். இதற்குள் உடம்பு முழித்துக்கொள்கிறது. காய்ச்சல், உடம்பு வலி, சோர்வு எல்லாம் பெரும்பாலும் உடம்பு போடும் சண்டை. சூட்டை ஏற்றுவது வைரஸ் இல்லை, நாமே. அதனால்தான் இரண்டு பெனடோல் போட்டுச் சூடு இறங்கியதும் 'நோய் போய்விட்டது' என்று எழுந்து மலைக்குப் போவது தப்பு. சூடு மட்டும்தான் போயிருக்கும். வைரஸ் மூச்சில் இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்குச் சண்டை மேலேயே, தொண்டையோடு முடிந்துவிடும். சிலருக்கு நெஞ்சுக்குள் இறங்கும். நுரையீரலில் முப்பது கோடிக்கு மேல் சின்னச் சின்னக் காற்றுப் பைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஆறு லயக் காம்பராவின் தரையளவு வரும். அந்த மெல்லிய தோலைத் தாண்டித்தான் ஒட்சிசன் இரத்தத்துக்குப் போகிறது. சண்டையில் அந்தப் பைகளுக்குள் நீர் கோத்தால் காற்றுக்கு இடமில்லை. அதுதான் நியுமோனியா. இன்புளுவென்சாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு: கூட்டித் தள்ளும் செல்கள் செத்துக் கிடப்பதால் பக்ரீறியா சுலபமாக உள்ளே இறங்கும். காய்ச்சல் குறைந்து இரண்டு நாள் நன்றாக இருந்தவருக்கு மறுபடி குளிரோடு காய்ச்சல் அடித்து, நெஞ்சு வலித்தால் அதை 'மிச்சக் காய்ச்சல்' என்று விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரி. கொவிட் இரத்தக் குழாய்களையும் தாக்கும், இரத்தம் உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். பலருக்கு வாசம் போனது. சிலருக்கு மாதக் கணக்கில் மலை ஏற முடியாத இளைப்பு நின்றது. அவர்களைச் 'சோம்பேறி' என்று கங்காணி ஏசியதையும் கேட்டிருக்கிறேன்.

2021 ஓகஸ்டில், டெல்டா பரவிய மாதத்தில், எங்கள் மேல் லயத்தில் ஓய்வுபெற்ற ஓர் அம்மாயிக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் பார்க்கப் போனேன். இஸ்தோப்பில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு என்னோடு கதைத்தார். மூச்சு வாங்கவில்லை. உதடு மட்டும் கொஞ்சம் கறுத்தமாதிரி இருந்தது. வெற்றிலை என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியை வைத்துப் பார்த்தார். 95க்குக் குறையாமல் இருக்க வேண்டியது, 78. 1990 அம்புலன்சுக்கு அடித்தோம், வந்தது, ஆனால் நம் பாதையில் மேலே ஏற முடியவில்லை. கதிரையில் வைத்துக் கீழே தூக்கிப் போனோம். மூன்றாம் நாள் இறந்துபோனார். மகன்மார் முகம் பார்க்கவில்லை.

மூச்சு வாங்காமலே ஒட்சிசன் எப்படிக் குறைந்தது என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூச்சு முட்டுகிற உணர்ச்சியை நமக்குத் தருவது பெரும்பாலும் ஒட்சிசன் குறைவு இல்லை, உடம்பில் சேரும் கரியமில வாயு. கொவிட்டில் அந்த வாயு வெளியே போய்க்கொண்டிருக்கும், ஒட்சிசன் மட்டும் உள்ளே வராது. ஆகவே ஆள் கதைப்பார், நடப்பார், உள்ளுக்குள் முடிந்துகொண்டிருப்பார். அந்த விரல் கருவி ஒன்று ஆறாம் நாளே தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்திருந்தால்? 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் காலத்திலிருந்தே தொழிலாளியின் வைத்தியம் தோட்ட முதலாளியின் பொறுப்பு என்று இருக்கிறது. ஒரு சின்னக் கருவி வாங்க நூறு வருடம் போதாதா?

தடுப்பூசியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கண்டி மாவட்டத்தில் நம்மில் பலருக்கு 2021இல் முதலில் போட்டது ஸ்புட்னிக். இரண்டாவது ஊசி நேரத்துக்கு வராமல் மாதக் கணக்கில் காத்துக்கிடந்தோம். ஊசி போட்டும் காய்ச்சல் வந்ததே என்று இன்றும் கேட்கிறார்கள். வரும். ஊசி தொண்டையில் வேலி போடுவதில்லை. எதிரியின் கொக்கி எப்படி இருக்கும் என்று உடம்புக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுக்கிறது. அதனால் சண்டை நெஞ்சுக்கு இறங்குமுன் பெரும்பாலும் முடிகிறது. அதே வருட ஆரம்பம் வரை கேகாலைப் பாணிக்கு வரிசை நின்றவர்களும் நாம்தான். 2020 டிசம்பரில் ஆயிரக்கணக்கில் முண்டியடித்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சரும் குடித்தார், ஜனவரியில் அவருக்கே தொற்று. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பரவியதோ.

இப்போது வந்திருக்கும் காய்ச்சல் கொவிட்டாகவும் இருக்கலாம், இன்புளுவென்சாவாகவும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். நம் நாட்டில் இன்புளுவென்சா ஆண்டின் நடுவிலும் ஆண்டு முடிவிலும் கூடும். அது தன் மேற்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும் வைரஸ். அதனால் போன வருடம் வந்தவருக்கும் வரும். அதைச் 'சும்மா சளிக்காய்ச்சல்' என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1918இல் அந்த வைரஸ் இலங்கைக்கு வந்தது. பின்னால் குடிசன மதிப்பீட்டுக் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் இந்தத் தீவில் மூன்று லட்சம் உயிர் வரை போயிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நம் கொள்ளுத் தாத்தாமார் அப்போதும் இதே லயத்தில்தான் இருந்தார்கள்.

ஆனால் எல்லாக் காய்ச்சலும் இதுவும் இல்லை. கண்டிப் பக்கம் டெங்கும் இருக்கிறது. இருமலும் தடிமனும் இல்லாமல் கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். பெனடோலைத் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பிள்ளை வேகமாக மூச்சு விட்டால், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், பால் குடிக்காவிட்டால், பெரியவர் தடுமாறிப் பேசினால், உதடு நீலமானால் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

இனி சம்பளத்துக்கு வருவோம். இன்புளுவென்சா பிடித்தவர் நோய் தெரிவதற்கு முந்திய நாளிலிருந்தே பரப்புகிறார். மிக அதிகமாகப் பரப்புவது காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாளில். கொவிட்டும் அதே மாதிரிதான், இரண்டு நாள் முன்பே ஆரம்பிக்கும். ஆகவே எல்லாம் முதல் நாள் காலையில் பெரட்டுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவில் இருக்கிறது. அந்த முடிவை எடுப்பது தாய் இல்லை, பேர்தான். கண்டி தலதா வீதியில் துணிக்கடையில் நிற்கும் நம் பிள்ளைக்கு, 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடாந்த லீவுக்கு மேலே, சுகமில்லாமல் போனாலும் எடுக்கக்கூடிய 7 நாள் சம்பள லீவு இருக்கிறது. கொடுக்கிறார்களா என்பது வேறு கதை, சட்டத்தில் இருக்கிறது. ஆசிரியை எனக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவேன், மாதச் சம்பளம் குறையாது. கொழுந்து பறிக்கும் தாய்க்கு? வருடாந்த லீவு உண்டு, அதுவும் வேலைக்கு வந்த நாளைக் கணக்குப் பார்த்து. சுகயீனத்துக்கென்று சம்பளத்தோடு ஒரு நாளும் இல்லை. 2019க்கு முந்திய கூட்டு ஒப்பந்தங்களில் வரவுக் கொடுப்பனவு என்று ஒன்று இருந்தது; 75 வீதம் வேலைக்கு வந்தால்தான் அது. காய்ச்சலோடு வா என்று காசு கொடுத்துக் கூப்பிட்ட மாதிரி.

2021 மார்ச்சில் 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. கூட்டு ஒப்பந்தம் அதோடு இல்லாமல் போனது. நாட்சம்பளத்துக்காக நடத்திய போராட்டத்தில், வராத நாளின் சம்பளத்தைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டோம். நம் சங்கமும் மறந்தது. காய்ச்சல் என்று தோட்ட வைத்திய உதவியாளர் எழுதிக் கொடுத்தால் முதல் மூன்று நாளுக்கு முழுப் பேர் என்பது அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பொய்க் காய்ச்சல் சொல்வார்கள் என்பார் துரை. சிலர் சொல்லத்தான் செய்வார்கள். பரீட்சை நாளில் என் வகுப்பிலும் வயிற்றுவலி வரும். அதற்காக உண்மையான காய்ச்சல்காரரை மடுவத்தில் நிறுத்தினால் அடுத்த வாரம் மலையில் பாதி நிரை காலியாகக் கிடக்கும். கொழுந்து முற்றிப்போவது யாருக்கு நட்டம்?

இரண்டாவது ஜன்னல். போன வருடம் ஒரு தோட்டத்தில் ஒருவர் தன் காம்பராவின் பின்சுவரை உடைத்து, பழைய மரச்சட்டம் வாங்கி, சொந்தச் செலவில் ஜன்னல் வைத்தார். தோட்டச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததாக ஒப்பீசிலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்குப் போகும்போது கொண்டுபோவேன்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. காய்ச்சல்காரரைக் கதவோரம், காற்றுப் போகும் பக்கம் படுக்க வையுங்கள். பாட்டியையும் கைப்பிள்ளையையும் அவரிடமிருந்து தள்ளி. குளிரானாலும் பகலில் கதவையும் பின்கதவையும் ஒரே நேரத்தில் திறந்து விடுங்கள், காற்று ஊடே போகும். அடுப்புப் புகை நெஞ்சை ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கிறது, அதுவும் வெளியே போகட்டும். மடுவத்திலும் லொறியிலும் முகக்கவசம், முக்கியமாக இருமுகிறவருக்கு.

தலைவர்மாருக்கு ஒரு வேலை. அடுத்த மாதச் சந்தாப் பட்டியல் அனுப்பும்போது கூடவே ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள்: உங்கள் டிவிசனில் எத்தனை காம்பரா, அதில் திறக்கக்கூடிய ஜன்னல் எத்தனைக்கு இருக்கிறது, டிஸ்பென்சரியில் விரல் கருவி இருக்கிறதா, போன மாதம் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பிள்ளை மடுவத்தையும் விடாமல் பாருங்கள். அங்கே ஜன்னல் இருக்கும், ஆனால் பல இடத்தில் ஆணி அடித்து மூடியிருக்கும்.